கேப்டனின் அம்மா ஆலிவ் ரிட்லி

நவம்பர் 18, திங்கள்

இது என்னுடைய இரண்டாவது டைரி. முதலாவது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஹாஸ்டலில் எல்லோரும் தினமும் ஆங்கில டைரி எழுதி வார்டன் மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் இன்று நான் எழுதியது: அதிகாலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், இட்லி சுவையாக இருந்தது, மகிழ்ச்சியாகப் பள்ளிக்குச் சென்றேன். நேற்றும் அதுதான். காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதும் அதுதான். பக்கத்துக் கட்டில் மோனிஷா தன் தாத்தா சாவுக்குப் போய்த் திரும்பிய அன்றும் மகிழ்ச்சியாகத்தான் பள்ளிக்குச் சென்றிருக்கிறாள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களில் யாரும் சாவதில்லை.

இந்த டைரி தமிழ். மாட்டினால் பலகை. ‘நான் தமிழ் பேசினேன்’ என்று ஆங்கிலத்தில் பெயின்ட் அடித்த மரப்பலகை அது. தமிழ் பேசி மாட்டியவள் கழுத்தில் தொங்கும். அவள் வேறொருத்தியைப் பிடித்துக் கொடுத்தால் அவள் கழுத்துக்குப் போகும். படுக்கப் போகும்போது யாரிடம் இருக்கிறதோ, அவள் மறுநாள் பிரார்த்தனையில் மேடையில் நிற்க வேண்டும். அதனால் பொழுது சாய்ந்தால் ஹாஸ்டலில் ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

தமிழ் பேசினால் பலகை. எழுதினால் என்ன என்று யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பயம். வராந்தா விளக்கு ஜன்னல் வழியாக என் கட்டிலில் பாதி வரை விழுகிறது. அந்தப் பாதியில் எழுதுகிறேன். எழுதியதும் தலையணை உறைக்குள்.

நவம்பர் 20, புதன்

எங்கள் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் வசந்தாமணி மிஸ். உண்மையில் அவர் தையல் மிஸ். ஆங்கில சார் ஆகஸ்டில் பேங்க் வேலை கிடைத்து ஓடிவிட்டார். “ஊசியில நூல் கோக்கத் தெரிஞ்ச கைக்கு இங்கிலீசு எல்லாம் ஒரு வேலையாம்மா?” என்று தாளாளர் ஐயா வசந்தாமணி மிஸ் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்.

பள்ளியிலேயே எனக்கு மிகவும் பயம் அவரிடம்தான். மர ஸ்கேல் வைத்திருக்கிறார். வகுப்புக்குள் வரும்போதே கோபத்தில் கை நடுங்கும். கோபத்தை அடக்க அரை பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பார்.

அவர் கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பாடம் சொல்வார். தாளாளர் ஐயாவின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் ஸ்கேலால் மேஜையை ஒரு தட்டு. உடனே நாங்கள் எல்லோரும் பாடத்தை ஆங்கிலத்தில் கத்துவோம். செருப்பு போனதும் மறுபடி தமிழ்.

கேள்விக்கு விடை எடுக்க ஒரு வழி இருக்கிறது. கேள்வியில் உள்ள ஏதாவது ஒரு வார்த்தை பாடத்தில் எங்கே வருகிறது என்று தேட வேண்டும். கிடைத்ததும் அந்த வரியைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். “இங்கிருந்து இதுவரைக்கும், மொதக் கேள்வி” என்பார் மிஸ். அதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். இதில் வகுப்பிலேயே நான்தான் முதல். முற்றுப்புள்ளி உட்பட ஒப்பிப்பேன். அர்த்தம் கேட்டால் அழுதுவிடுவேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

நவம்பர் 25, திங்கள்

புதுப் பாடம். ஒரு கப்பல், ஒரு கேப்டன், புயல். கப்பல் பாறையில் மோதி உடைகிறது. கேப்டன் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் கரையைப் பார்க்கிறார். அத்துடன் 48ஆம் பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் 65. அதில் ஆலிவ் ரிட்லி என்று ஒருத்தி கடலிலிருந்து கரைக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

மோனிஷா எழுந்தாள். “மிஸ், நடுவுல பக்கம் காணோங் மிஸ்.”

எல்லோருடைய புத்தகத்திலும் காணோம். பள்ளியே மொத்தமாக வாங்கிக் கொடுத்த புத்தகம்.

“முக்கியமான பக்கமா இருந்தா உட்டுருப்பாங்களா? பேசாம உக்காரு.”

“இந்த ஆலிவ் ரிட்லி யாருங் மிஸ்?”

மிஸ் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார். மீதிப் பாட்டிலையும் குடித்தார்.

“கேப்டனோட அம்மா.”

அதன் பிறகு எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஆலிவ் ரிட்லி இரவில் கரைக்கு வருகிறாள். மண்ணில் குழி தோண்டுகிறாள். அதில் நூறு முட்டைகளை வைத்து மண்ணைப் போட்டு மூடுகிறாள்.

“நூறு முட்ட எதுக்குங் மிஸ்?”

“கப்பல் ஒடஞ்சு பையன் பசியோட வாறான். பெத்தவ வெறுங்கையோட வருவாளா?”

“வேகவெச்சதுங்களா, பச்சையாங்களா?”

“கடக்கர மண்ணு சூட்டுல அதா வெந்துக்கும். அதுக்குத்தான பொதைக்கறது.”

இங்கே பாதிப் பிள்ளைகளின் அப்பா கோழிப்பண்ணையில் இருக்கிறார். நூறு என்றால் மூணு டிரேவும் பத்தும் என்று பின்பெஞ்சு கணக்குப் போட்டுவிட்டது. ஒரே ஆள் தூக்க முடியுமா என்று ஒரு சண்டை. வெள்ளைக்காரிக்குத் தெம்பு அதிகம் என்று முடிவானது.

குழியை எதனால் தோண்டினாள் என்ற இடத்தில் ‘ஃப்ளிப்பர்ஸ்’ என்று போட்டிருந்தது. அது அச்சுப்பிழை என்று மிஸ் சொன்னார். எல்லோரும் பேனாவால் அடித்து ‘ஸ்லிப்பர்ஸ்’ என்று திருத்திக்கொண்டோம். செருப்பால் தோண்டியிருக்கிறாள். அவசரத்துக்குக் கையில் கிடைத்தது அதுதான் போல.

தோண்டும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. பிறகு கடலுக்கே திரும்பிப் போகிறாள். தன் பிள்ளைகளை அவள் பார்ப்பதே இல்லை. அதுதான் கடைசி வரி.

அந்த வரிக்கு மிஸ் அர்த்தம் சொன்னபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லோரும் குனிந்து புத்தகத்தில் எதையோ தேடினோம்.

டிசம்பர் 1, ஞாயிறு

அம்மா வரவில்லை. பண்ணையில் லீவு இல்லையாம். குளிக்கும்போது கண்ணில் சோப்பு போய்விட்டது.

டிசம்பர் 12, வியாழன்

பிப்ரவரியில் ஆண்டு விழா. ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் சிறப்பு விருந்தினர். வகுப்புக்கு ஓர் ஆங்கில நாடகம். எங்கள் வகுப்புக்கு ‘கேப்டனின் அம்மா’.

மோனிஷா கேப்டன், ஏனென்றால் மீசை வரைந்தால் அவளுக்குத்தான் பொருந்துகிறது. நான் ஆலிவ் ரிட்லி, ஏனென்றால் முற்றுப்புள்ளி வரை ஒப்பிப்பேன். என் வேலை சேலை கட்டிக்கொண்டு மூணு டிரே முட்டையுடன் வந்து, செருப்பைக் கழற்றி, அதால் தோண்டி, அழுது, பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போவது.

ஒத்திகை பார்க்கத் தாளாளர் ஐயா வந்தார். நான் அழுததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முட்டை நம்ம ஊரு அடையாளம். நூறும் நெச முட்டையாவே இருக்கட்டும், நான் வரச்சொல்றேன்” என்றார். பிறகு மிஸ்ஸிடம், “நல்லா வந்துச்சுன்னா உங்கள இங்கிலீசுக்கே நெரந்தரமாப் போட்டறலாம். சொதப்பிருச்சுன்னா…” என்று சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தையல் வகுப்பை வேறு அடுத்த வருடம் நிறுத்தப் போகிறாராம்.

மிஸ் பாட்டிலைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத்தான் எவ்வளவு கோபம் வருகிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

போனில் அம்மாவிடம் நாடகம் என்று சொன்னேன். ஆண்டு விழாவுக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னாள். நான் இங்கிலீஷ் பேசுவதைப் பார்க்கப் பண்ணையில் இப்போதே லீவு சொல்லிவிட்டாளாம்.

ஜனவரி 15, புதன், வீடு

நான் ஓர் ஆமை.

ஜனவரி 16, வியாழன், வீடு

நேற்று எழுத முடியவில்லை. கை ஓடவில்லை.

பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறேன். அப்பா முட்டை லாரியுடன் கேரளா போயிருக்கிறார். நானும் அம்மாவும் கரும்பு கடித்துக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். செய்தியில் ஒரு அக்கா நல்ல தமிழில் சொன்னாள், ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம் இது என்று. காட்டினார்கள். இரவு. கடற்கரை. பெரிய ஆமை ஒன்று துடுப்பு மாதிரி இருந்த காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிக் குழி தோண்டியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. நூறு முட்டை.

“என்ன கண்ணு, சக்கைய முழுங்கிட்டியா?” என்று அம்மா முதுகில் தட்டினாள்.

அந்தப் பதினாறு பக்கங்களில் என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது. கேப்டனின் கதை எங்கேயோ முடிந்து, ஆமைப் பாடம் எங்கேயோ தொடங்கியிருக்கிறது. கேப்டன் பிழைத்தாரா என்பது எங்கள் பள்ளியில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

பேராசிரியருக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு முன்னால், எல்லோருக்கும் முன்னால், சேலை கட்டிய ஓர் ஆமை செருப்பால் மண் தோண்டுவதைப் பார்த்து அவர் சிரிப்பார். அவர் சிரித்தால் தாளாளர் சிரிப்பார். தாளாளர் சிரித்தால் எல்லோரும் சிரிக்க வேண்டும், அது விதி.

ஜனவரி 20, திங்கள்

நேற்று இரவு மோனிஷாவிடம் சொல்லிவிட்டேன். பலகைக்குப் பயந்து சைகையில் சொன்னேன். இரண்டு கையால் தரையைத் தள்ளிக் காட்டினேன், முதுகில் தலையணையை வைத்துக்கொண்டேன். முதலில் எனக்கு வயிற்றுவலி என்று நினைத்தாள். புரிந்ததும் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு கட்டிலே குலுங்கச் சிரித்தாள்.

காலையில் கழிவறைப் பக்கம் வந்து ரகசியமாகச் சொன்னாள்: “மிஸ்கிட்டச் சொல்லீறாத புள்ள. ஸ்கேலு ரெண்டா ஒடையற வரைக்கும் அடிப்பாங்க.”

“சொல்லலைன்னா?”

“ஊரே சிரிக்கும். ஆனா அடி இல்ல.”

ஜனவரி 21, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜனவரி 22, புதன்

தையல் அறை வரை போனேன். ஸ்கேல் மேஜை மேல் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

தையல் அறையில் மிஸ் மட்டும் இருந்தார். ஆங்கிலப் புத்தகம் திறந்து கிடந்தது. ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலும் பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழில் உச்சரிப்பு எழுதியிருந்தார். நாங்கள் எல்லோரும் திருட்டுத்தனமாகச் செய்வது. நான் பார்த்ததைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்.

“மிஸ், ஆலிவ் ரிட்லி ஆமைங் மிஸ்.”

“என்னது?”

“டிவில பாத்தனுங். கடல் ஆமை. முட்டை அதோட முட்டைங். கேப்டனுக்குக் கொண்டாந்தது இல்லீங்.” கையை நானே நீட்டிவிட்டேன், அடிப்பதற்கு வசதியாக.

மிஸ் அடிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனார். உதடு அசைந்தது. குழியிடம் வந்து நின்றார். கண்ணீரிடம் வந்து நின்றார். கடைசி வரியில் வெகுநேரம் இருந்தார். பிறகு மறுபடி மேலே, குழி தோண்டும் வரிக்கு வந்தார்.

“அப்ப அந்த ஸ்லிப்பர்ஸ்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அது அச்சுப்பிழை இல்லீங். துடுப்பு மாதிரி இருக்கற காலுங் மிஸ்.”

மிஸ் தையல் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து பாட்டிலை நீட்டினேன். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்தான். ஆனால் வாய் வேறு மாதிரி இருந்தது.

“பக்க நம்பரு தாவுனது அன்னிக்கே தெரியும் எனக்கு. சார்கிட்டப் போய்க் கேட்டா, ‘உங்களுக்கே பாடம் புரியலையாம்மா?’ம்பாரு. அதுக்குப் பயந்துட்டு ஒரு அம்மாவ உண்டு பண்ணிட்டேன்.”

மிஸ்ஸுக்குப் பயமா? அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தேன்.

அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டது. ‘கேப்டனின் அம்மா’ என்று கொட்டை எழுத்தில். இப்போது போய் ஆமை என்றால் மிஸ்ஸுக்கு வேலை போய்விடும். அம்மா என்றே நடித்தால் பேராசிரியர் சிரிப்பார், அப்போதும் போய்விடும்.

மிஸ் ஒரு துண்டுத் துணியை எடுத்து மடித்துக்கொண்டே யோசித்தார். “வசனம் பொஸ்தகத்துல இருக்கறதுதான். அதுல தப்பு இல்ல. நீ நடந்து வராத. ஊர்ந்து வா. செருப்பு வேண்டாம், கையால தோண்டு. முதுகுக்கு நான் ஒண்ணு தெச்சுத் தாறேன். வெவரம் தெரிஞ்சவங்க ஆமைன்னு நெனச்சுக்குவாங்க. தெரியாதவங்க அம்மான்னு நெனச்சுக்குவாங்க.”

“தாளாளர் ஐயா கேட்டாருன்னா?”

“அது எம்பாடு. நீ ஊரு.”

பிப்ரவரி 3, திங்கள்

முழங்கால் இரண்டும் தோல் உரிந்துவிட்டது. ஆங்கில டைரியில்: இட்லி சுவையாக இருந்தது.

பிப்ரவரி 8, சனி

ஆண்டு விழா முடிந்தது. உயிருடன் இருக்கிறேன்.

முதுகுக்கு மிஸ் தைத்தது ஒரு பச்சைப் பழுப்புப் பஞ்சு மெத்தை. கட்டம் கட்டமாகத் தையல் போட்டு, ஓரத்தில் வளைத்து, அப்படியே ஓடு. அதன் மேல் சேலைத் தலைப்பை விட்டால் குளிருக்குப் போர்த்திய அம்மா, தலைப்பை எடுத்தால் ஆமை. அவ்வளவு நேர்த்தியான தையலை நான் பார்த்ததே இல்லை.

மோனிஷா மீசையுடன் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேடையின் மூலையில் கிடந்தாள். நான் திரைக்குப் பின்னாலிருந்து ஊர்ந்து வந்தேன். பக்கவாட்டில் மிஸ் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் தாளாளர் ஐயா.

“என்னம்மா, கொழந்த ஊர்ந்து வருது?” என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

“பசிங் சார். பையனத் தேடித் தேடி நடக்க முடியலீங்.”

“அடடா” என்றார்.

கையால் மணலைத் தள்ளினேன். முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். ஒன்று கைதவறி உருண்டு, மேடை விளிம்பில் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேராசிரியரின் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது. அவர் காலை மட்டும் நகர்த்திக்கொண்டார். நான் அழ வேண்டிய இடத்தில் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அம்மா பண்ணைக்குக் கட்டாத நல்ல சேலையில் உட்கார்ந்து, என்னுடன் சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. நான் கிளிசரின் போடாமலேயே அழுதேன்.

பிறகு பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். ஓட்டைக் கழற்ற நேரமில்லாமல் இன்னும் மேடையிலேயே கிடந்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசியதை நன்றியுரை சொல்ல வந்த சார் தமிழில் சொன்னார்.

ஆலிவ் ரிட்லி அம்மையாரைப் பற்றித் தான் முதுகலை படிக்கும்போதே படித்திருக்கிறாராம். இங்கிலாந்தின் தலைசிறந்த தாய்மார்களில் ஒருவராம். இன்றைய பிள்ளைகள் அவரை மறந்துவிட்டார்களே என்று இத்தனை நாள் வருந்திக்கொண்டிருந்தாராம். இந்தப் பள்ளி மறக்கவில்லையாம்.

கைதட்டல் அடங்கவே இல்லை. நான் கிடந்தபடியே தலையைத் திருப்பி மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் அறையில் அன்று பார்த்த அதே வாய். அப்போதுதான் புரிந்தது, அன்றும் அவர் அழவில்லை. முழுதாக அழவில்லை.

எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. யாருக்குமே தெரியாது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கும் தெரியாது. நான் யாருக்காக இத்தனை நாள் பயந்தேன்?

விழா முடிந்து அம்மாவுடன் கேட் வரை போனேன்.

“நல்லாப் பேசுன கண்ணு. கடசீல அந்தப் பொம்பள எங்க போறா?”

“கடலுக்கு.”

“புள்ளைங்கள உட்டுட்டா?”

“ம்.”

அம்மா என் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். உரிந்த முழங்காலை ஊதினாள். “பாவம், அவளுக்கும் லீவு கெடச்சிருக்காது.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆமை, பக்கம், செருப்பு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தமிழில், சத்தமாக. அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், பஸ்காரர் ஹார்ன் அடித்த பிறகும் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

திரும்பினால் வார்டன் மேடம். கையில் பலகை.

பலகையுடன் தையல் அறைக்கு ஓட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மிஸ் என்னைப் பார்த்ததும், “பொழச்சுட்டோம் புள்ள!” என்றார். பச்சைத் தமிழ். என் கண் பலகைக்குப் போய்விட்டது. மிஸ்ஸின் கண்ணும் போனது.

அவரே என் கழுத்திலிருந்து கழற்றினார். தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடியில் பார்த்தார். “எனக்கு எடுப்பாத்தான் இருக்குது” என்றார். பிறகு பலகையை ஆமை ஓட்டுக்குள் வைத்துச் சுருட்டி, பைக்குள் திணித்து, கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

பிரார்த்தனையில் பலகை எங்கே என்று விசாரணை. வார்டன் மேடம் என்னைக் கேட்டபோது, அன்று இரவே கைமாறிவிட்டது என்றேன். யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்று ஹாஸ்டலில் சாயங்காலம் ஒரே சத்தம்.

தாளாளர் ஐயா இரண்டு அறிவிப்பு செய்தார். வசந்தாமணி மிஸ் இனி நிரந்தர ஆங்கில ஆசிரியை. ஆலிவ் ரிட்லி அம்மையாரின் படத்தை நூலகத்தில் மாட்ட வேண்டும், இன்டர்நெட்டில் தேடி எடுக்கக் கம்ப்யூட்டர் சாரிடம் சொல்லியிருக்கிறார்.

மிஸ்ஸின் பாட்டில் இன்று மூன்று முறை காலியானது.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று கம்ப்யூட்டர் சார் ஒரு காகிதத்துடன் தையல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம் மெஷின் குலுங்குகிற மாதிரி இரண்டு பேர் சிரிக்கும் சத்தம்.

இன்று படம் மாட்டியாகிவிட்டது. பூ வைத்த தொப்பியுடன் யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா. தாளாளர் ஐயா மாலை போட்டார்.

மிஸ் வகுப்பில் கதவைச் சாத்திவிட்டு, “65ஆம் பக்கத்த எடுங்க. ஸ்லிப்பர்ஸ அடிச்சுட்டு ஃப்ளிப்பர்ஸ்னு எழுதுங்க. அடைப்புக்குறி எல்லாத்தயும் அழிங்க. மொதல்ல இருந்து படிக்கலாம், எனக்கும் தெரியாது” என்றார். ரப்பர் தூள் பெஞ்செல்லாம் விழுந்தது.

ஆங்கில டைரியில் எப்போதும் போல எழுந்தேன், பல் துலக்கினேன். இட்லிக்குக் கீழே ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினேன். எந்தப் பாடத்திலிருந்தும் ‘இங்கிருந்து இதுவரை’ என்று எடுத்தது அல்ல. நானே யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாக வைத்தது: நான் ஓர் ஆமை, என் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

வார்டன் மேடம் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ‘குட்’ என்றும் எழுதியிருக்கிறார்.